மாமியாருக்கு ஓய்வு கொடுத்த மருமகள்

மின்விசிறி செய்யும் அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜரிலிருந்து கேன்டீனில் டம்ளர் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'மருமகள்'தான். வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில்கூட அவளை அப்படி யாரும் அழைத்ததில்லை. அங்கே இருந்த நிஜ மாமியார் "ஏம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார், அதுவும் டிவி ரிமோட்டைக் காணவில்லை என்றால்தான். ஆபீஸில் அவளுக்கு இந்தப் பட்டம் கிடைக்கக் காரணம் ஒரு சாஃப்ட்வேர். அதற்கு ஊழியர்கள் வைத்த பெயர் மாமியார்.

பெயர்ப் பொருத்தம் அப்படி. லீவு வேண்டுமா, ஓவர்டைம் வேண்டுமா, ஸ்டோரிலிருந்து ஒரு சுருள் செம்புக் கம்பி வேண்டுமா, எதுவானாலும் அதனிடம்தான் போய் நிற்க வேண்டும். அது சம்மதிக்காமல் எந்த விண்ணப்பமும் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகராது. எதைக் கேட்டாலும் முதலில் 'ஏன்?' என்று ஒரு கட்டத்தைத் திறந்து வைக்கும். சொன்ன காரணம் பிடிக்கவில்லையென்றால் திரை சிவந்துபோகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணயர்ந்துவிடும். எழுப்பினால் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக மறுபடி சொல்லச் சொல்லும்.

டைப் அடிக்கிற வேலைக்கு வந்தவள் அவள். போகப்போக அதன் குணம் அவளுக்குப் பிடிபட்டது. எந்தப் பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும், எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கோபித்துக்கொள்ளும், மாசக் கடைசியில் அதை எப்படித் தட்டிக்கொடுக்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. யாருக்காவது திரை சிவந்தால் "மருமகளைக் கூப்பிடு" என்று குரல் எழும். அவளும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வருவாள், நாலு தட்டு தட்டுவாள், சரியாகிவிடும். "எப்படிம்மா செஞ்சே?" என்று கேட்டால் சிரிப்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். தன்னை விட்டால் இதற்கு ஆள் கிடையாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. பெருமைப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்தக் கதையில் கெட்டதைச் செய்தது வேறு யாருமில்லை, அந்தப் பெருமைதான்.

சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். அது குடியிருந்த கம்ப்யூட்டருக்கு உதிரி பாகம் கிடைக்காமல், பழைய சாமான் கடைகளில் துழாவி வாங்கிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்து, "பழசுக்கு ஓய்வு கொடுத்துட்டுப் புதுசு வாங்கப்போறோம்" என்றார்.

"ரிட்டயர் ஆகுறவங்களுக்கு வாட்ச் தருவீங்களே சார், மாமியாருக்கும் உண்டா?" என்று ஸ்டோர்காரர் கேட்டார்.

"வாட்ச் எதுக்கு? அது என்னிக்கு நேரத்துக்கு வேலை செஞ்சிருக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மேனேஜரே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். ஓய்வுக்கான திட்டத்தை அவள்தான் தயாரிக்க வேண்டும். எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிடுவது, என்றைக்கு நிறுத்துவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். திட்டம் நன்றாக வந்தால் புதுசுக்கும் அவளே பொறுப்பு, தனி அறையும் உண்டு. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் புருஷனிடம், "கதவு வச்ச ரூம்" என்றாள். கண் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவன், ஒருத்தர் மூக்குக்கு ஃபிரேம் சரிபார்க்கிற மாதிரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கதவைத் திறந்தே வை, இல்லன்னா யாரும் வரமாட்டாங்க" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

புதுச் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். பதவிசான மனிதர். மூன்று பத்தி போட்ட ஒரு தாளை அவளிடம் கொடுத்தார். இப்போது நடப்பது, விட்டுவிட வேண்டியது, வைத்துக்கொள்ள வேண்டியது.

"சாஃப்ட்வேருக்குள்ள இருக்கிறதை நானே பார்த்துக்கறேன் மேடம். அதைச் சமாளிக்க நீங்கல்லாம் வெளியில என்னென்ன பண்றீங்கன்னு தெரியணும். அதை யாரும் எழுதி வைக்கமாட்டாங்க. நீங்க கேட்டா சொல்லுவாங்க."

உண்மைதான். வேறு யார் கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். மருமகள் கேட்டதும் ஒவ்வொருவரும் கொட்டித் தீர்த்தார்கள். கொள்முதல் பிரிவுக்காரர், 'ஏன்?' கட்டத்தில் பல வருஷமாக வெறும் புள்ளி வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தரப் பரிசோதனைப் பெண், எப்போதோ வேலையை விட்டுப்போன இன்ஜினியரின் கடவுச்சொல்லில்தான் இன்னமும் கையெழுத்துப் போடுகிறாளாம். மாமியார் புது ஆளை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டதாம். அவள் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். எழுத எழுத, இந்தக் கம்பெனியை இத்தனை நாள் ஓட்டியது சாஃப்ட்வேர் அல்ல, சாஃப்ட்வேரை ஏமாற்றத் தெரிந்த இந்த ஜனங்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. பாவம், பாசத்தோடுதான் எல்லாவற்றையும் செய்தாள்.

கடைசியாக டைம் ஆபீசுக்குப் போனாள்.

கேட்டை ஒட்டி, வருகைக் கணக்கு பார்க்கிற சின்ன அறை அது. ஜன்னலுக்கு வெளியே கைரேகை மெஷின். உள்ளே, மேஜையை நிறைத்துக்கொண்டு டைம் ஆபீஸ் அண்ணன். நாற்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, மெல்லிய குரல். ஜன்னல் கட்டையில் ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெயும், பக்கத்தில் நூல் கழிவு ஒரு பந்தும் எப்போதும் வைத்திருப்பார். வைண்டிங் பிரிவில் கம்பி சுற்றும் பெண்களின் விரல்களில் வார்னிஷ் படிந்திருக்கும், மெஷினுக்கு ரேகை தெரியாது. துடைத்துவிட்டு வைத்தால்தான் எடுக்கும். அதற்காக அவர் செய்துவைத்த ஏற்பாடு.

"சாஃப்ட்வேருக்கு வெளியில இங்க என்ன நடக்குதுண்ணா?" என்று கேட்டாள்.

"வெளியிலயா? வெளியில மழை பெய்யுது" என்றார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு, "உனக்குச் சொல்றதுக்கென்ன, உக்காரு" என்றார்.

விஷயம் இதுதான். யாராவது தொடர்ந்து நாலு நாள் சொல்லாமல் வராவிட்டால் மாமியார் தானாகவே ஒரு நோட்டீஸ் தயார் செய்யும். ஒருவருக்கு இரண்டு நோட்டீஸ் போனால் வேலை போச்சு. ஆனால் நோட்டீஸ் வெளியே போவதற்கு முன்னால், வருகைக் கணக்கைச் சரிபார்க்க டைம் ஆபீசுக்கு வரும். அங்கே இரண்டு பொத்தான். ஒன்று 'சரி', இன்னொன்று 'திருப்பு'. திருப்பி அனுப்பினால், மாமியார் நாட்களைச் சரிபார்த்து மறுபடி அனுப்ப வேண்டும். ஆனால் மாமியாருக்குத்தான் ஞாபகமறதி ஆயிற்றே. திரும்பி வந்ததும் பழைய நாட்களை மறந்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ண ஆரம்பித்துவிடும். அண்ணன் ஒவ்வொரு நோட்டீஸையும் 'கைரேகை சரியாகப் பதியவில்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார். கிடைத்த அவகாசத்தில் அந்த ஆளின் வீட்டுக்கு யாரையாவது அனுப்பியோ, தானே போயோ என்ன ஏது என்று விசாரித்து, வேலைக்குக் கூட்டி வந்துவிடுவார்.

"எல்லாருக்குமாண்ணா?"

"சொல்லாம கொள்ளாம நாலு நாள் வராதவங்க யாரும்மா? ஊர் சுத்தப் போறவன் அழகா லீவு எழுதிக் கொடுத்துட்டுத்தான் போவான். சொல்ல முடியாத நிலைமையில இருக்கிறவங்கதான் சொல்லாம இருப்பாங்க." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஏன், உனக்கு வந்ததையே திருப்பி அனுப்பியிருக்கேனே."

"எனக்கா?"

"உனக்கு மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரில கிடந்தியே. உன் வீட்டுக்காரன் அப்ப எங்க லீவு எழுதிக் கொடுத்தான்? அவன் உன் கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதுகிட்டில்ல இருந்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேறி வந்து பார்த்தபோது தன் பெயரில் நோட்டீஸ் எதுவும் இல்லாதது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மாமியாருக்குத் தன் மேல் தனிப் பாசம் என்று அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தாள். இவர் இத்தனை வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணா" என்றாள். "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்று அவர் பேச்சை மாற்றினார். இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. மருமகளிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். இங்கேதான் அவள் புத்தி கெட்டுப்போனது. கெட்டதை நினைத்துச் செய்திருந்தாலாவது திட்டித் தீர்த்துவிடலாம். அவள் நினைத்ததெல்லாம் நல்லதுதான். புதுச் சாஃப்ட்வேர் எதையும் மறக்காது என்று ஆலோசகர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் இந்த அவகாசம் மாமியாரோடு போய்விடுமே. அண்ணன் ஒருவரின் நல்ல மனசை நம்பி இருப்பதற்குப் பதில், சட்டமாகவே ஆகிவிட்டால் எல்லோருக்கும் எப்போதும் கிடைக்குமே. அவள் அதை 'வைத்துக்கொள்ள வேண்டியது' என்ற பத்தியில் எழுதினாள். விலாவாரியாக, ஒரு குறையும் இல்லாமல் எழுதினாள். நோட்டீஸ் எப்படி வருகிறது, எப்படித் திரும்புகிறது, என்ன காரணம் எழுதப்படுகிறது, நாள் கணக்கு எப்படிப் புதிதாகத் தொடங்குகிறது எல்லாம். 'டைம் ஆபீஸ் பொறுப்பாளர் பல ஆண்டுகளாக இம்முறையைக் கையாண்டு ஊழியர்களுக்கு உதவி வருகிறார்' என்று முடித்தாள். அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். எழுதலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டைம் ஆபீஸ் ஒன்றும் கடல் கடந்து இல்லை, படி இறங்கினால் வந்துவிடும்.

திட்டத்தைப் படிக்கும் கூட்டத்தில் ஆலோசகர் அந்த இடத்துக்கு வந்ததும், "இது ரொம்ப முக்கியமான கண்டுபிடிப்பு மேடம்" என்று பாராட்டினார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எத்தனை வருஷமா இது நடக்குது?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"சார், அது இருந்தா நல்லதுன்னுதான்..." என்று இழுத்தாள்.

"பொய்யாக் காரணம் எழுதியிருக்கார்மா. அதுவும் வருகைக் கணக்குல" என்றார் மேனேஜர். அவர் கொடுமைக்காரர் இல்லை. காதுக்கு வராதவரையில் எதையும் கண்டுகொள்ளாமல் விடக்கூடியவர்தான். இப்போது காதுக்கு வந்துவிட்டது, அதுவும் வெளியாள் முன்னால், அச்சடித்த தாளில்.

விசாரணை மேனேஜர் அறையிலேயே நடந்தது. அண்ணன் நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். அவளை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். புரியாமல் பார்த்தார்.

மேனேஜர் அவர் பக்கம் பார்க்காமல் அவளிடம்தான் கேட்டார். "இந்த நோட்டீஸெல்லாம் திரும்பினது, ஒருவேளை சாஃப்ட்வேர் கோளாறா இருக்குமோ? அது தானா என்னென்னமோ பண்ணும்னு நீங்களே சொல்லுவீங்களே."

கதவை அவரே திறந்து வைத்தார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் நுழைவதுதான். ஆமாம் சார், கோளாறுதான், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஓய்வு பெறப்போகிற சாஃப்ட்வேர் மேல் பழியைப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆலோசகர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவள் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தார்கள்.

ஆனால் அவளுக்கு அந்தச் சாஃப்ட்வேரைத் தெரியும். அதில் எந்தக் கோளாறு உண்டு, எந்தக் கோளாறு இல்லை என்று இந்தக் கம்பெனியில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரியாத மாதிரி சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு முந்திக்கொண்டது.

"திருப்புங்கற பொத்தானை யாராவது அழுத்தினாத்தான் திரும்பும் சார். தானாத் திரும்பாது."

சொல்லி முடித்த கணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டார். "நீங்க அழுத்தினீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார். "அழுத்தினேன் சார்" என்றார் அவர்.

வேலை போகவில்லை. அதுவே பெரிய விஷயம் என்றார்கள். தண்டனையாக ஒரு நோட்டீஸை அவர் கோப்பில் போட்டு, பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு, மின்விசிறிப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கப் போனது. டைம் ஆபீஸ் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள். புதுச் சாஃப்ட்வேருக்கு அங்கே ஆள் தேவையில்லை. மண்ணெண்ணெய் பாட்டிலை யார் எடுத்துப் போட்டார்கள் என்று தெரியவில்லை.

மாமியாரை நிறுத்துகிற நாளில் அவள்தான் சுவிட்சை அணைத்தாள். வேடிக்கை பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. சொன்னபடி கதவு வைத்த அறை கிடைத்தது. புருஷன் சொன்ன மாதிரி கதவைத் திறந்துதான் வைத்தாள், இருந்தும் யாரும் வரவில்லை. வைண்டிங் பெண்கள் அவளை மருமகள் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். "மேடம்" என்றார்கள். மரியாதையான வார்த்தைதான். ஆனால் அவர்கள் அதைச் சொன்ன விதத்தில் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. கேன்டீனில் அண்ணன் மட்டும் எப்போதும்போல தலையசைப்பார். அதனாலேயே அவள் கேன்டீனுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் தட்டில் போட்டது அப்படியே இருந்தது. "உடம்புக்கு என்ன?" என்று புருஷன் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். ஒருநாள் நிஜ மாமியார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏம்மா, யாரு மேல தப்பு?" என்று கேட்டார். "என் மேலதான் அத்தை" என்றாள். "அப்ப சண்டை சீக்கிரம் முடிஞ்சுரும்" என்றார் அவர். இதில் சண்டையே இல்லை, அதுதான் கஷ்டம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதுசு வேலையில் படுசுத்தம். எதையும் கேட்காது, எதையும் மறக்காது. வராதவர்களின் பெயர் முதலில் மஞ்சளாகும், நாலாம் நாள் முடியும்போது சிவப்பாகும், சிவப்பான உடனே நோட்டீஸ் தானாகப் போய்விடும். நடுவில் ஒரு ஆளும் இல்லை, ஒரு பொத்தானும் இல்லை. குழந்தைக்கு அம்மை போட்டிருந்த ஒரு வைண்டிங் பெண்ணுக்கு நோட்டீஸ் போனது. அவகாசம் கொடுக்க ஒரு வழி வைக்கும்படி ஆலோசகருக்கு மருமகள் திரும்பத் திரும்ப எழுதினாள். 'அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கலாம்' என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வந்தது.

அப்புறம் ஒருநாள் திரையில் அண்ணன் பெயர் மஞ்சளாக இருந்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும். ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் வாங்கியவர். நாளையும் வராவிட்டால் இரண்டாவது, அதோடு வேலை முடிந்தது. போன் அடித்தாள், எடுக்கவில்லை. பேக்கிங் மேற்பார்வையாளரைக் கேட்டாள். "எனக்கு என்ன மேடம் தெரியும், சாஃப்ட்வேர் பார்த்துக்கும்" என்றார் அவர். அவள் பையை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குக் கிளம்பினாள்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே மாடியில் வீடு. குறுகலான படி, இரும்புக் கைப்பிடி. கதவு திறந்தே இருந்தது. அண்ணனின் மனைவி தரையில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சுவரோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் மழிக்காமல், பனியனோடு. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணா. உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். "காலையில கிளம்பறேன். கேட்டு வரைக்கும் வந்துடறேன். அந்தப் பலகை அடிச்ச ஜன்னலைத் தாண்டிப் போகத்தான் மனசு வரமாட்டேங்குது, திரும்பிடறேன்" என்றார்.

இதற்குள் மனைவி அவள் யார் என்று புரிந்துகொண்டாள். துணியை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானா அந்த மருமகள்? இவர் சொல்லிக்கிட்டே இருப்பார். விசாரணையில நீ மட்டும் இவருக்காகப் பேசலைன்னா அன்னிக்கே வேலை போயிருக்கும்னு. நல்லா இரும்மா."

கட்டிலைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறார். அவளைக் காப்பாற்றியிருக்கிறார். தன்னைப் பேக்கிங்குக்கு அனுப்பிய வாயை, தனக்காகப் பேசிய வாய் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அவள் இதற்கு முன்னால் எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறாள். ஆனால் இது வெட்கம் என்ற வார்த்தைக்குள் அடங்கவில்லை.

"இல்ல அண்ணி, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"முதல்ல டீ போடு, எவ்வளவு தூரம் வந்திருக்கு" என்று அண்ணன் குறுக்கே புகுந்தார்.

இந்த மனிதர் இப்போதும் அவளுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேசாமல் டீயைக் குடித்துவிட்டு, வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போயிருக்கலாம். அவள் போகவில்லை.

"அண்ணி, நான் அவருக்காகப் பேசலை. அவர் செஞ்சதைக் காட்டிக் கொடுத்ததே நான்தான். திட்டத்துல எழுதிக் கொடுத்தேன். சாஃப்ட்வேர் கோளாறான்னு மேனேஜர் கேட்டார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. நான் இல்லைன்னுட்டேன்."

அண்ணி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். கீழே கடையில் யாரோ டயரைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அப்ப எதுக்கு வந்தே?"

"நாளைக்கும் அவர் வரலைன்னா ரெண்டாவது நோட்டீஸ் தானாப் போயிடும் அண்ணி. முன்ன மாதிரி யாராலயும் திருப்ப முடியாது. நான்தான் இப்ப அதுக்குப் பொறுப்பு, என்னாலயும் முடியாது. அதான் சொல்ல வந்தேன்." பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள். "அண்ணா, காலையில நான் கேட்டுக்கிட்ட நிக்கறேன். உங்ககூட உள்ள வர்றேன். என்னை மன்னிக்க வேண்டாம். வேலையை மட்டும் விட்டுடாதீங்க."

அண்ணன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். பெட்டி தூக்கித் தூக்கி அவை தடித்துப்போயிருந்தன. "வர்றேம்மா" என்றார் கடைசியில். "நீ கேட்டுக்கிட்டல்லாம் நிக்க வேண்டாம். நானே வந்துடறேன்."

டீயைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அண்ணி படி வரைக்கும் வந்தாள். முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"உனக்கே அவர் உதவி பண்ணியிருக்காரு. அப்புறம் ஏம்மா அதை எழுதினே?"

இத்தனை நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் காத்திருந்த கேள்வி. பதிலும் தயாராக இருந்தது. அதில் பொய் ஒரு சொட்டுகூட இல்லை.

"அது எப்பவும் இருக்கணும்னுதான் எழுதினேன் அண்ணி."

"இருந்துச்சேம்மா" என்றாள் அண்ணி.